காவலூரும் ராஜாளியும்

(வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதை என் பேரன் போனில் எடுத்துக் காட்டினான். படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் ‘வானத்தைப் பார்க்கும் செலவில் இந்த நாடு இன்னும் கை இறுக்கமாகத்தான் இருக்கிறது’ என்று ஒரு வரி வந்ததே, அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறைத்துப் பேசத் தெரியாது, மன்னிக்கவும்.

எனக்குக் கணியம்பாடி பக்கம். கம்மவான்பேட்டையை ஒட்டிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் பட்டாளத்துக்காரன்தான். சிக்னல்ஸில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். லடாக் குளிருக்கு ரேடியோ செட்டின் பேட்டரி செத்துப்போகும். அதைக் கோட்டுக்குள் விட்டு உடம்புச் சூட்டில் வைத்திருந்து, பேசவேண்டிய நேரத்தில் எடுத்து மாட்டுவோம். ஜவானுக்கு நல்ல பேட்டரி ஒன்று கண்டுபிடித்துக் கொடுக்கப் பணம் இல்லை, நிலாவுக்கு வண்டி விடப் பணம் இருக்கிறதா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அறிவியலில் உருப்படியாக வந்ததெல்லாம் ராணுவம் கேட்டு வந்ததுதான். ரேடார், ஜெட் விமானம், இன்டர்நெட், ஜிபிஎஸ் எல்லாம் அப்படித்தானே? எதிரி இருந்தால்தான் மூளை வேலை செய்யும். விண்வெளியால் வந்தது என்ன? பேப்பரில் படம் வந்தது. இங்கே பாலாற்றில் தண்ணீர் இல்லை, இப்போது மணலும் இல்லை. இஸ்ரோவுக்குக் கொடுப்பதை ராணுவத்துக்கு ஆராய்ச்சி செய்யும் டிஆர்டிஓவுக்குக் கொடுத்தால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆச்சு, அறிவியலுக்கு அறிவியலும் ஆச்சு என்பது என் கருத்து.

பேரன் பிளஸ் டூ படிக்கிறான். இயற்பியல் படிக்கணும் என்கிறான். நான் ராணுவ அதிகாரியாகப் போக என்டிஏ தேர்வு எழுது என்கிறேன். உங்கள் கட்டுரை அவன் பக்கம் பேசுகிறது. பதில் போட்டால் அவனுக்கும் காட்டுவேன். உள்ளதைச் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த பேட்டரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பேரன் கையிலிருக்கும் போனில் உள்ள லித்தியம் அயனி பேட்டரியை எந்த ராணுவமும் கேட்டு வாங்கவில்லை. 1970களில் எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனியில் விட்டிங்ஹாம் அதற்கு அடி போட்டார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்எனஃப் அதற்கு வலுவான நேர்முனை கண்டுபிடித்தார். 1985இல் ஜப்பானில் யோஷினோ அதை எளிதில் தீப்பிடிக்காத வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1991இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது, வீடியோ கேமராவுக்காக. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் செயற்கைக்கோளுக்காக இந்த செல்லை உருவாக்கியவர்கள் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காரர்கள். அந்தத் தொழில்நுட்பத்தை 2018இல் பெல் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் அதே பெல்தான். நீங்கள் கோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய பேட்டரிக்கு மாற்று வந்த வழியில் ராக்கெட் விடுகிறவர்களும் நிற்கிறார்கள். குளிரில் லித்தியமும் சோர்ந்துதான் போகும், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பணக் கணக்கு. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் டிஆர்டிஓவுக்கு ஏறத்தாழ 26,800 கோடி. விண்வெளித் துறை மொத்தத்துக்கும் 13,400 கோடி சொச்சம். அதாவது டிஆர்டிஓ இப்போதே இஸ்ரோவைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறது. ராணுவ பென்ஷன் மட்டும் 1.6 லட்சம் கோடி. அதைக் குறையாகச் சொல்லவில்லை, உழைத்தவர்களுக்குச் சேரவேண்டியது அது. அளவு தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன். விண்வெளித் துறையை இன்றைக்கே இழுத்து மூடினாலும் மிச்சமாகும் பணம் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு வாரச் செலவுக்குத்தான் வரும். உங்கள் ரேடியோ செட்டுக்கு நல்ல பேட்டரி வராமல் போனதற்கு அந்த ஒரு வாரப் பணம் காரணமாக இருந்திருக்காது. வேறு காரணங்கள் இருந்திருக்கும், அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, இப்போது உங்கள் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ராக்கெட் போரில் பிறந்தது என்பதை மறுக்கவே முடியாது. நம் ஊர்ப் பக்கத்துச் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் மைசூர்ப் படை விட்ட ராக்கெட்டுகளில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்தன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள், அவருடைய ராக்கெட்டுகளை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார்கள். ஆங்கிலேயரின் காங்கிரீவ் ராக்கெட் அதிலிருந்து வந்தது. பிறகு ஹிட்லரின் வி-2 ஏவுகணை. அது விழுந்து செத்தவர்களைவிட, டோரா என்ற நாஜி வதைமுகாமில் அதைச் செய்யும்போது செத்த கைதிகள் அதிகம். அதைச் செய்த ஃபான் பிரவுன்தான் பின்னால் அமெரிக்கர்களை நிலாவுக்குக் கொண்டுபோன ராக்கெட்டையும் செய்தார். 1957இல் ஸ்புட்னிக்கைத் தூக்கிக்கொண்டு போனதும் அணுகுண்டு சுமக்கச் செய்த ரஷ்ய ஏவுகணை. விண்வெளி அறிவியலின் கை சுத்தம் என்று நான் எங்கேயும் எழுதமாட்டேன்.

ஆனால் நம் நாட்டில் நடந்தது இதற்குத் தலைகீழ். 1963இல் தும்பாவில் தொடங்கியது மேல் காற்று மண்டல ஆராய்ச்சிக்கு. 1980இல் எஸ்எல்வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோனது. அதற்குத் தலைமை தாங்கிய அப்துல் கலாம் 1982இல் டிஆர்டிஓவுக்குப் போனார். 1989இல் பறந்த முதல் அக்னி ஏவுகணையின் அடிப்பாகம் அந்த எஸ்எல்வி-3இன் முதல் அடுக்குதான். இங்கே ராணுவம்தான் விண்வெளிக்காரர்களிடம் வாங்கியிருக்கிறது. கடற்படைக்கென்றே 2013இல் மேலே போன ஜிசாட்-7 செயற்கைக்கோளைச் செய்ததும் இஸ்ரோதான். இஸ்ரோவின் பணத்தை எடுத்து டிஆர்டிஓவுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களே, இதையெல்லாம் பிறகு யார் செய்து கொடுப்பார்கள்?

இனி உங்கள் பட்டியல். ராணுவம் கேட்டதால்தான் இன்டர்நெட்டும் ஜிபிஎஸும் வந்தன என்கிறீர்கள். பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்ல இரண்டு சம்பவங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது. 1963இல் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. ரஷ்யா ரகசியமாகச் சோதனை செய்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை ஏவியது. குண்டு வெடித்தால் காமா கதிர் வரும், அதைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. 1967 ஜூலை 2ஆம் தேதி ஒரு காமா கதிர் வெடிப்பு பதிவானது. குண்டு வெடித்தால் வரும் வடிவத்தில் அது இல்லை. குண்டு இல்லையல்லவா, எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். 1969இல்தான் ஒருவர் அந்தப் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகும் அதே மாதிரி வெடிப்புகள் பல பதிவாகி, அவை சூரியனிலிருந்தோ பூமியிலிருந்தோ வரவில்லை என்று உறுதி செய்து, 1973இல்தான் வெளியே சொன்னார்கள். பிரபஞ்சத்தில் நடக்கும் மிகப் பெரிய வெடிப்புகளில் சில அவை. மனிதன் முதல்முறையாக அவற்றைப் பார்த்துவிட்டான், ஆனால் ஆறு வருடம் உலகத்துக்குத் தெரியாது. அந்த விஞ்ஞானிகளைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கொடுத்த வேலை அது இல்லை.

இரண்டாவது சம்பவம் நம் ஜவ்வாது மலையில். 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோக வேண்டும். காவலூரில் அப்போது இருந்தது ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1972இல் கிழக்கு ஜெர்மனியின் ஜைஸ் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை நொடிக்கு நொடி அளந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒளி சில நொடி விழுந்து, மறுபடி எழுந்தது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்கிறது என்று நினைத்து அப்படியே எழுதி அனுப்பினார்கள். அதே வருடம் நேச்சர் இதழில் வந்தது. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஒரு விமானத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அமெரிக்கக் குழு ஒன்றும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. (அந்த விமானம் ராணுவச் சரக்கு விமான வகையைச் சேர்ந்தது, உங்கள் பக்கத்துக்கு ஒரு புள்ளி!) அவர்களுக்குக் கோளுக்கு முன்னால் பல தடவை ஒளி விழுந்தது, பின்னாலும் அதே மாதிரி விழுந்தது. அப்படியென்றால் அது நிலா இல்லை, வளையம். சனிக்கு மட்டும்தான் வளையம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

காவலூரில் பார்த்ததற்குச் சொன்ன விளக்கம் தவறாகப் போனது. ஆனால் பார்த்தது சரியாக இருந்தது. அந்த அளவுகளை மறைத்து வைக்காததால், மற்றவர்களின் அளவுகளோடு சேர்த்துப் பார்த்ததும் வளையத்துக்கு அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது. கம்யூனிஸ்ட் நாட்டில் செய்த கருவி, இந்தியாவில் ஒரு மலைக்காடு, அமெரிக்காவின் விமானம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான், ஐயா. ஒரு கருவி ராணுவத்தில் பிறந்ததா வெளியே பிறந்ததா என்பதைவிட, அது பார்த்ததை யாரிடம் சொல்லலாம் என்பதுதான் அறிவியலுக்கு முக்கியம். ராணுவம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்காக அதன்மேல் கோபப்பட முடியாது. ஆனால் அந்த வாய்ப்பூட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

சில கணக்குகளைச் சொல்கிறேன். காவலூரின் பெரிய தொலைநோக்கி 2.34 மீட்டர். 1986இல் திறந்தார்கள், கண்ணாடியை நம் ஆட்களே பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். வானத்தில் சுற்றும் ஹபிளின் கண்ணாடி 2.4 மீட்டர். ஹபிளில் ஒரு மணி நேரம் கிடைக்க உலக விஞ்ஞானிகள் வரிசையில் நிற்கிறார்கள், பல பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். 2012இல் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் அமைப்பு தன்னிடம் உபரியாகக் கிடந்த இரண்டு தொலைநோக்கிகளை நாசாவுக்குத் தானமாகக் கொடுத்தது. இரண்டுக்கும் 2.4 மீட்டர் கண்ணாடி. பூமியைப் பார்க்கச் செய்தவை, தேவை முடிந்து மூலையில் கிடந்தன. விஞ்ஞானிகள் ஒரே ஒரு ஹபிளைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதே அளவில் இரண்டு சும்மா கிடந்திருக்கின்றன. அதில் ஒன்றை வைத்துத்தான் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியைச் செய்தார்கள்.

இன்னொன்று. காற்று மண்டலம் ஆடுவதால் நட்சத்திரம் மின்னும், படம் கலங்கும். மேலே லேசர் அடித்து ஒரு செயற்கை நட்சத்திரத்தை உண்டாக்கி, அதைப் பார்த்து அந்தக் கலக்கத்தைத் திருத்தலாம். இதை அமெரிக்க ராணுவ விஞ்ஞானிகள் 1980களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். தெரியாமல் பிரான்ஸில் இரண்டு வானியலாளர்கள் அதையே தாங்களாக யோசித்து 1985இல் வெளியிட்டார்கள். பூட்டு திறந்தது 1991இல். ஒரே வேலையை உலகம் இரண்டு முறை செய்தது. நீங்கள் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறீர்களே, அந்தப் பணம் பத்திரமாகப் போவதற்கு அடியில் இருக்கும் பொதுச் சாவிக் குறியாக்கத்துக்கும் (பூட்டும் சாவியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, திறக்கும் சாவியை மட்டும் மறைத்து வைக்கும் முறை) இதே கதைதான். பிரிட்டிஷ் உளவுத் துறையில் அதை 1970களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியே சொன்னது 1997இல். அதற்குள் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, 1976இல் அச்சில் போட்டு, உலகம் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. நமக்கு உதவியது பூட்டி வைக்காதவர்களின் கண்டுபிடிப்பு.

உங்கள் இன்டர்நெட்டையும் இப்படிப் பாருங்கள். 1969இல் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்புதான். ஆனால் அதைப் பல்கலைக்கழகங்களிடம் விட்டது, விதிமுறைகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டது. அதனால்தான் வளர்ந்தது. நீங்களும் நானும் இன்டர்நெட் என்று சொல்லிக்கொண்டு பார்க்கும் வலைத்தளங்கள் 1989க்குப் பிறகு அணுத்துகள்களை ஆராயும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் பிறந்தவை. ராணுவத் தேவைக்கு வேலை செய்யக்கூடாது, கண்டுபிடித்ததை வெளியிட வேண்டும் என்று அந்த ஆய்வகத்தின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. 1993இல் வலைத்தளத் தொழில்நுட்பத்தை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஜிபிஎஸ் முழுக்க ராணுவக் குழந்தை, ஒப்புக்கொள்கிறேன். அதுவும் சாதாரண ஜனங்களுக்குத் துல்லியமாகக் கிடைத்தது 2000 மே மாதம், வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை எடுத்துவிட்ட பிறகுதான். அந்தச் செயற்கைக்கோள் கடிகாரங்கள் நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். அதைத் திருத்த ஐன்ஸ்டீனின் சார்பியல் கணக்கு வேண்டும். அதை ஐன்ஸ்டீனிடம் எந்தத் தளபதியும் கேட்கவில்லை.

ராணுவத்தால் கிடைத்த உபரிப் பலன்களைக் காட்டி ராணுவ அறிவியலுக்குப் பணம் கேட்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகத்தான் படும். கல்யாணப் பந்தலில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கினார்கள் என்பதற்காக, மழைக்கு ஒதுங்க இடம் வேண்டுமென்றால் கல்யாணம் வை என்று யாராவது சொல்வார்களா? ஜவானுக்கு நல்ல பேட்டரி வேண்டுமென்றால் அதற்கென்றே பணம் கொடுப்போம், தாராளமாகக் கொடுப்போம். நாட்டைக் காக்க டிஆர்டிஓ வேண்டும், அந்தக் காரணம் போதும். இந்தக் குட்டு விண்வெளிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானை நாசா கொடுத்தது என்று இன்னமும் மேடையில் பேசுகிறார்கள். அது 1938இல் டூபான்ட் கம்பெனியில் தற்செயலாகக் கிடைத்தது. அப்போது நாசாவே பிறக்கவில்லை.

அப்படியானால் விண்வெளிக்கு எதற்குக் கொடுப்பது? ஒரு பகுதி பச்சையான பயன். 1999இல் ஒடிசாவில் அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013இல் அதே கடற்கரையில் பைலின் புயல் அடித்தபோது சாவு சில பத்துகளோடு நின்றது. எல்லாப் புகழும் செயற்கைக்கோளுக்குப் போகாது. புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள், லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். ஆனால் எந்த ஊரை எப்போது காலி செய்வது என்று தெரிய வானத்தில் ஒரு கண் வேண்டியிருந்தது.

பாலாற்றுக்கும் இதில் இடம் உண்டு. பாலாறு கெட்டதற்கும் சந்திரயானுக்கும் சம்பந்தம் இல்லை, ஐயா. தோல் பதனிடும் ஆலைக் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் நம் ஆற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. விதி இருந்தது, பணமும் இருந்தது, செய்ய மனம்தான் இல்லை. மணலைப் பற்றிச் சொன்னீர்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 முதல் எடுத்துவரும் படங்களை 2008இலிருந்து எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பேரனை உட்காரவைத்து வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை ஆற்றைப் பத்து வருடத்துக்கு ஒரு படமாக அடுக்கச் சொல்லுங்கள். எந்த அதிகாரியிடமும் மனு போடத் தேவையில்லை. எல்லையைப் பார்க்கும் ராணுவச் செயற்கைக்கோள் இதைவிடத் தெளிவாகப் படம் எடுக்கும். ஆனால் அதை நீங்களோ நானோ கேட்க முடியாது.

மிச்சப் பகுதி, நேரடிப் பயன் இல்லாதது. யுரேனஸுக்கு வளையம் இருந்தால் காவலூருக்குப் பக்கத்து ஆலங்காயத்துக்கு என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதுதான் பதில். கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொண்டவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் 2015இல் போன ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியைச் செய்தது, 2023இல் போன ஆதித்யா-எல்1இல் சூரியனைப் பார்க்கும் முக்கியக் கருவியையும் செய்தது. (அந்த நிறுவனம் இஸ்ரோவின் கீழ் வருவதும் இல்லை, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிறது. கை இறுக்கம் என்று நான் எழுதியது அந்தக் கணக்கை நினைத்துத்தான்.)

காவலூரில் சனிக்கிழமை மாலை பொதுமக்களை விடுவார்கள். நான் போயிருந்தபோது வாணியம்பாடியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு சின்னத் தொலைநோக்கியில் சனிக் கோளைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களாம், சோதிக்கிறான்! அங்கிருந்த ஊழியர் அவனைத் திட்டவில்லை, மறுபடி பார்க்கச் சொன்னார். பழைய வட ஆர்க்காட்டின் இன்னொரு மூலையில், அரக்கோணத்தில், 1992இலிருந்து ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் அங்கிருந்து போகின்றன. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூடியபோது பயணிகள் விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன, அதை மறக்கக்கூடாது. ஆனால் அங்கே ஒரு பையன் போய்க் குழாயை எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்க்க விட்டால் அது கடற்படைத் தளமாக இருக்காது. நமக்கு இரண்டும் வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும் என்று நம்பிப் பணத்தை மாற்றிப் போடுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

இஸ்ரோவுக்கு எதற்குக் கொடுத்தாலும் கைதட்டுவேன் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதனை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024இல் மொத்த ஒதுக்கீட்டை 20,193 கோடியாக உயர்த்தினார்கள். சந்திரயான்-3இன் செலவு சுமார் 615 கோடி. ஒரு வீரர் மேலே போய்க் கொடியோடு கையசைப்பது பெருமைதான், ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை ஆதித்யா அனுப்பலாம் என்று எனக்குக் கணக்கு ஓடும். அதில் ராணுவ மிடுக்குதான் எனக்கு அதிகம் தெரிகிறது, அறிவியல் குறைவு. இதில் நீங்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், அங்கே போகப் பயிற்சி பெறுகிறவர்கள் விமானப்படைக்காரர்கள்!

அப்புறம், எதிரி இருந்தால்தான் மூளை வேலை செய்யும் என்றீர்களே. 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாரை மாற்றிக் கட்டி மறுபடி விரிய வைத்தார். விரல் தானாக அழுகி விழவில்லை, உணர்ச்சி இல்லாததால் படும் காயத்தில்தான் போகிறது என்று காட்டினார். உலகம் முழுக்க அந்த வைத்தியம் மாறியது. காட்பாடிப் பக்கத்துக் கரிகிரியில் அந்த வேலை இன்றும் நடக்கிறது. அதில் எதிரியும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. நீங்கள் இரண்டு பெட்டியைக் காட்டி எதில் போடுவது என்று கேட்டதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாகப் பேரன். என்டிஏவா இயற்பியலா என்று இப்போதே சண்டை வேண்டாம். என்டிஏ தேர்வை வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறார்கள், எழுதட்டும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் அங்கேயும் கணக்கும் இயற்பியலும்தான் கேட்பார்கள், படித்தது வீண்போகாது. கூடவே ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதினால் திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே நடத்தும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். தூய இயற்பியல் என்றால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்லூரிகளுக்குத் தனித் தேர்வு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி வேறு வேறு, ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எதில் இடம் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும். அதற்குள் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் காவலூர் போய்வாருங்கள், மழைக்காலம் கழிந்து ஜனவரிக்கு மேல். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் பஸ் உண்டு. திரும்பி வர இரவு பஸ்ஸை நம்ப வேண்டாம், வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.